மறிக்க முடியாத ஓலை

ஜூலை 3, திங்கள்

இந்த டைரி கழிவில் வந்தது. எங்கள் பிரஸ்ஸில் அடித்த இந்த வருடத்து டைரிகளில் ஒரு கட்டுக்கு மட்டும் மார்ச் மாதம் இரண்டு தடவை சேர்ந்து ஏப்ரல் இல்லாமல் போய்விட்டது. ஏப்ரல் இல்லாத வருடத்தை எந்தக் கடைக்காரன் வாங்குவான்? ஆளுக்கு ஒன்று எடுத்துப் போங்கள் என்றார்கள். ஆறு மாதமாக அரிசி டப்பா மேலே கிடந்தது. சாயங்காலம் பிரஸ் வேனை விட்டு இறங்கி வந்து நான் சும்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன் என்று சீனியம்மாளுக்குக் குறை. என் பெண்டாட்டி அவள். "சுவத்துல என்ன படமா ஓடுது? அந்த நோட்டுல எதையாச்சும் எழுதுங்களேன்" என்றாள். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். பெரிசு பெரிசாக எழுதுகிறேன், ஒரு பக்கத்துக்கு ஏழு வரிதான் கொள்ளுகிறது. அதனால் என்ன, பக்கத்துக்கா பஞ்சம்.

சிவகாசியில் பிரஸ்ஸில் கட்டிங் மெஷின் ஓட்டுகிறேன். பெத்துராஜ் என்று கேட்டால் சொல்லுவார்கள். அச்சாகி வரும் தாளை ஐந்நூறு ஐந்நூறாகத் தட்டிச் சேர்த்து, மெஷினின் பின்சுவரில் முட்டக் கொடுத்து, இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை ஒரே நேரத்தில் அமுக்கினால் கத்தி இறங்கும். ஒரு கை மட்டும் அமுக்கினால் இறங்காது. இன்னொரு கை உள்ளே இருந்துவிடக் கூடாதே, அதற்காக. இருபத்தாறு வருடமாக என் பத்து விரலும் என்னிடம்தான் இருக்கின்றன. பழைய மாடல் மெஷினில் என் சித்தப்பா மகனுக்கு எட்டுதான். அவனுக்குக் கல்யாணம் ஆன கதை தனிக் கதை, பெண் வீட்டார் எண்ணிப் பார்க்கவே இல்லை.

தாளைத் தட்டி அடுக்கித் தருவது பாக்கியத்தாய். பதினோரு வருடமாக என் பக்கத்தில் நிற்கிறாள். வாய் சும்மா இருக்காது.

புது வேலை வந்திருக்கிறது. சீட்டு. ரம்மி சீட்டு இல்லை, பூதமும் நாகமும் போட்ட சீட்டு. சென்னைப் பிள்ளை ஒருத்தி தானே யோசித்து உண்டாக்கிய விளையாட்டாம். அசதியாக இருக்கிறது. மிச்சம் நாளைக்கு.

ஜூலை 5, புதன்

நேற்று எழுதவில்லை. வேன் பஞ்சர்.

அந்தப் பிள்ளை பெயர் இளவெயினி. முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, காலில் ஷூவும் தோளில் பையுமாக இருக்கிறாள். வேலை முடிகிற வரை லாட்ஜில் தங்கி ஒவ்வொரு தாளாகப் பார்க்கப் போகிறாளாம். சாப்பாட்டு நேரத்தில் நேராக எங்களிடம் வந்தாள். "அண்ணா, அக்கா, ரெண்டு பேரும் இதை ஆடிக் காட்டுங்க. இதுக்கு முன்னாடி இந்த மாதிரி ஆட்டமே தெரியாதவங்களுக்குப் புரியுதான்னு நான் பாக்கணும்" என்றாள்.

"எங்களுக்கு மூளை இருக்கான்னு பாக்க வந்திருக்கு" என்று பாக்கியம் என் காதைக் கடித்தாள்.

விளையாட்டுக்கு விளக்குக்கோட்டை என்று பெயர். ஆளுக்கு ஒரு கோட்டை, அதில் இருபது கல். எதிராளியின் கல்லை எல்லாம் உடைத்தால் ஜெயம். ஒவ்வொரு முறை வரும்போதும் ஒரு விளக்கு ஏற்றலாம். எத்தனை விளக்கு எரிகிறதோ அந்த அளவுக்குப் பெரிய சீட்டை இறக்கலாம். யானை, பூதம், நாகம் எல்லாம் காவல். அவைதான் போய் எதிராளியின் கல்லை உடைக்கும், நம் கல்லைக் காக்கும். அது போக மந்திரச் சீட்டு. அதில் 'மறி' என்று ஒரு வகை உண்டு. எதிராளி ஒரு சீட்டை இறக்கும்போது அது வேலை செய்வதற்கு முன்னால் நாம் மறியைப் போட்டால், அவன் சீட்டு செல்லாது. குப்பைக்குப் போய்விடும்.

இது எனக்குப் பிடித்துப்போனது.

ஜூலை 8, சனி

மூன்று நாளாகச் சாப்பாட்டு நேரம் முழுக்கச் சீட்டுதான். கழித்துப் போட்ட தாளை வெட்டி ஆளுக்கு நாற்பது வைத்திருக்கிறோம்.

நான் ஆடுகிற விதத்தை எழுதிவிடுகிறேன். கையில் நாலு மறி சேரும் வரை எதையும் இறக்க மாட்டேன். பாக்கியம் உப்புப் பூதத்தை இறக்குவாள். மறி. பட்டுப்புலியை இறக்குவாள். மறி. அவள் பல்லைக் கடிப்பாள். இருபது விளக்கு எரிந்த பிறகு என்னுடைய சாம்பல் யானையை மெதுவாக இறக்குவேன். அதற்குள் அவள் கையில் ஒன்றும் இருக்காது.

"இது என்னண்ணே ஆட்டம்? வாசல்ல உக்காந்துக்கிட்டு வர்றவுகளை எல்லாம் அடுத்த வீடு பாருன்னு அனுப்புற மாதிரி" என்றாள்.

"ஜெயிக்கிறேன்ல?"

"ஜெயிக்கலை. எங்களை ஜெயிக்க விடாம இருக்கீக. அது வேற."

மத்தியானம் டீ கொண்டுவந்த பையன் டம்ளரை ஓரமாக வைத்துவிட்டான் போல. என் கை பட்டு விழுந்தது. வைக்கிற இடம் பார்த்து வைக்க வேண்டாமா என்று சத்தம் போட்டேன்.

ஜூலை 11, செவ்வாய்

வெயில். சீனியம்மாள் மறுபடியும் கண் ஆஸ்பத்திரி பேச்சை எடுத்தாள். ஆடி முடியட்டும் என்றேன்.

ஜூலை 14, வெள்ளி

இன்றைக்கு என் யானை போய்விட்டது.

முக்கால் மணி நேரம் காத்திருந்து, எல்லாவற்றையும் மறித்து, யானையை இறக்கினேன். கையில் இன்னும் இரண்டு மறி இருந்தது. யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று சாய்ந்து உட்கார்ந்தேன். பாக்கியம் ஒரு சீட்டைப் போட்டாள். சிவப்பு அரக்கு வைத்த ஓலைச்சுருள் படம். நான் மறியைப் போட்டேன்.

"கீழ எழுதியிருக்கிறதை வாசிங்கண்ணே" என்றாள்.

சீட்டைக் கிட்டக் கொண்டுவந்து எழுத்துக் கூட்டினேன். முத்திரை ஓலை. ஒரு காவலை ஆட்டத்தை விட்டே எடுத்துவிடு. இதை மறிக்க முடியாது.

எனக்கு வந்த கோபத்தை எழுதி மாளாது. சோற்றுத் தூக்கை மூடிவிட்டு நேராக இளவெயினியிடம் போனேன். அவள் வெளிச்சப் பெட்டி மேல் தாளை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, மறிக்கவே முடியாதுன்னா அது ஆட்டமா? அப்ப நான் மறி எதுக்கு வச்சிருக்கேன்?"

சிரித்தாள். "அண்ணா, இந்தச் சீட்டு முதல்ல கிடையாது. எல்லாத்தையும் மறிக்க முடிஞ்சப்போ ரெண்டு பேரும் கையை மூடிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. நாப்பது நிமிஷம் ஒண்ணுமே நடக்கல. பார்த்த எனக்கே கொட்டாவி வந்துச்சு. அதுக்காகத்தான் எழுதினேன்."

"எடுத்திரும்மா இதை. நல்லா இல்ல."

"எடுக்க மாட்டேன்."

"அப்ப நான் ஒண்ணும் செய்ய முடியாதா?"

"யானை போறதை நிறுத்த முடியாது. ஓலை வந்தா வந்ததுதான்."

திரும்பி வரும்போது தாள் பலகையில் முழங்காலை இடித்துக்கொண்டேன். யாரோ வழியில் நகர்த்தி வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து எண்ணெய் தேய்த்தேன். சீனியம்மாள் இடது முழங்காலில் இருந்த பழைய காயத்தையும் பார்த்தாள்.

ஜூலை 18, செவ்வாய்

ஒரு அதிசயம் பார்த்தேன். நானும் இப்போது ஓலை வைத்து ஆடுகிறேன், மூன்று. பாக்கியத்தின் ஏழுதலை நாகத்தின் மேல் ஓலையை வைத்தேன். முகம் சுருங்கும் என்று பார்த்தேன். அவள் அவசரமே இல்லாமல் பலிபீடம் என்ற சீட்டைத் தட்டினாள். அது அவள் பக்கத்தில் முதலில் இருந்தே கிடந்தது, நான் கவனிக்கவில்லை. நம் காவல் ஒன்றை நாமே பலி கொடுத்தால் இரண்டு சீட்டு எடுத்துக்கொள்ளலாம். எப்போது வேண்டுமானாலும் செய்யலாம்.

"ஓலை வந்து சேரலையே இன்னும். அதுக்குள்ள நாகத்தை நானே குடுத்துட்டேன். ரெண்டு சீட்டு எனக்கு. ஒங்க ஓலை இப்ப யாரைத் தேடும்? காலி இடத்தை" என்றாள்.

"நாகம் போச்சுல்ல?"

"எப்படியும் போகப்போறதுதானேண்ணே. சும்மா போகணுமா?"

அந்த இரண்டு சீட்டில் ஒன்று பட்டுப்புலி. அதை வைத்தே என்னை முடித்தாள். எழுந்து கை கழுவினேன்.

ஜூலை 20, வியாழன்

சீட்டுத் தாள் முழுசாகக் கட்டிங்குக்கு வந்துவிட்டது. ஒரு தாளுக்கு ஐம்பத்துநாலு சீட்டு. சீட்டுக்குச் சீட்டு ஒரே அளவு வேண்டும், மயிரிழை பிசகக் கூடாது. முதுகுப் பக்கம் எல்லாச் சீட்டுக்கும் ஒரே விளக்குப் படம், சுற்றிலும் வெள்ளைக்கரை. அந்தக் கரை ஒரு சீட்டுக்கு மெலிந்து ஒரு சீட்டுக்குத் தடித்தால், எதிராளி முதுகைப் பார்த்தே சீட்டைக் கண்டுபிடித்துவிடுவான். இளவெயினி இதை நாலு தடவை சொன்னாள்.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. தாள் அச்சு மெஷினுக்குள் எந்தப் பக்கமாக நுழைந்ததோ அந்தப் பக்கத்தில் கட்டின் ஓரமாகப் பென்சில் கோடு போட்டு அனுப்புவார்கள். அந்தப் பக்கம்தான் பின்சுவரில் முட்ட வேண்டும். மாற்றிக் கொடுத்தால் அளவு அரை மில்லி நகரும். பாக்கியம் கோடு பார்த்துக் கட்டை வைப்பாள், நான் முட்டக் கொடுப்பேன், அவள் குனிந்து பார்த்து "சரிண்ணே" என்பாள், நான் பொத்தானை அமுக்குவேன். இப்படியே பழகிவிட்டது. எப்போது ஆரம்பித்தது என்று தெரியவில்லை.

மத்தியானத்துக்கு மேல் பாக்கியம், மகள் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் போக வேண்டும், இன்றைக்கு விட்டால் ஆபீசர் இருக்கமாட்டார் என்றாள். லீவு கேட்டால் ஃபோர்மேன் தனுஷ்கோடி அண்ணாச்சி தரமாட்டார். "போயிட்டு வா தாயீ, கேட்டா பாத்ரூம் போயிருக்கான்னு சொல்லிக்கிறேன்" என்று அனுப்பினேன். வேலைச் சீட்டில் அவள் பெயரையும் நானே எழுதிவிட்டேன். தனியாக ஒன்பது கட்டு வெட்டினேன். ஒரு தடவை கத்தி இறங்காமல் நின்றுவிட்டது. கையோ தலையோ குறுக்கே வந்தால்தான் மெஷின் வாயில் உள்ள வெளிச்சக் கம்பி கத்தியை நிறுத்தும். தூசி விழுந்திருக்கும். துடைத்தேன்.

ஜூலை 22, சனி

ஆடிப்பெருக்கு அன்றைக்குக் கண் முகாம். மெஷின் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் பார்த்தே ஆக வேண்டும், இன்சூரன்ஸ்காரன் கேட்கிறான், தேறாதவருக்கு மறுநாளே கடிதம் என்று அண்ணாச்சி சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்த்தாரா, எனக்குப் பின்னால் இருந்த மின்விசிறியைப் பார்த்தாரா தெரியவில்லை.

எனக்குப் பதில் ஆள் கூடப் பார்த்துவிட்டார்கள் என்று வேனில் பேச்சு. வெளியூர்க்காரனாம். கூடவே தட்டுவதற்கு அவன் தம்பியையும் கூட்டி வருவானாம்.

ஜூலை 23, ஞாயிறு

கண் டாக்டர்கள் சுவரில் தொங்கவிடும் எழுத்துப் பலகையைப் போன தை மாதம் நாங்கள்தான் அடித்தோம். இந்த ஊரில் அச்சாகாதது எது? கழிவில் ஒன்று பரண் மேல் இருந்தது. எடுத்துச் சீனியம்மாளை வாசிக்கச் சொன்னேன். ப. அடுத்த வரி, ட ம. அடுத்தது, க ய ல. ஏழு வரியும் மனப்பாடம். சின்ன வயதில் வாய்ப்பாடு வராமல் அடி வாங்கியவன் நான், இன்றைக்கு ஒரே நாளில் முடித்துவிட்டேன்.

"எதுக்கு இது?" என்றாள்.

"சும்மா. ஞாபகசக்திக்கு."

அடுப்புக்குப் போய்விட்டாள். மீன் குழம்பில் உப்பு அதிகம். அப்படி வைக்கிறவள் இல்லை.

ஜூலை 25, செவ்வாய்

அச்சில் அதிகப்படியாக வந்ததில் வெட்டிய நல்ல சீட்டை இன்று முதல்முதலாக வைத்து ஆடினோம். புதுச் சீட்டு, வழவழவென்று இருந்தது. ஏழு சீட்டு கையில் வைத்திருந்தேன். பாக்கியம் என் கையையே உற்றுப் பார்த்தாள்.

"ஒங்க கையில ஓலை ரெண்டு இருக்கு. மூணாவது ஒண்ணு, கடைசி ஒண்ணு."

"எட்டிப் பாத்துட்டியா?"

"நான் ஏன் பாக்கேன்? ஆட்டம் ஆரம்பிச்சதுலருந்தே எனக்குத் தெரியுது. விளையாட்டுக்குச் சொல்லலைண்ணே. முதுகைப் பாருங்க."

ஐந்து சீட்டைக் குப்புறப் போட்டாள். பார்த்தேன். சாப்பாட்டு அறையில் வெளிச்சம் போதவில்லை.

"தெரியலையா?"

"எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கு."

அவள் என் கட்டைவிரலைப் பிடித்து ஒரு சீட்டின் ஓரத்தில் வைத்துத் தேய்த்தாள். மற்ற நாலிலும் தேய்த்தாள். விரலில் ஒன்றும் தெரியவில்லை, அச்சுக்கு ஏது மேடும் பள்ளமும். பிறகு அளவுகோலை வைத்து வாசித்துச் சொன்னாள். ஓலைச் சீட்டுக்கு மட்டும் ஒரு பக்கக் கரை அரை மில்லி மெலிவு.

"ஓலை இருக்கிறது கடைசி வரிசை. கட்டு திருப்பி வச்சு வெட்டுனாத்தான் இப்படி வரும். கோட்டுப் பக்கம் வெளிய இருந்திருக்கு" என்றாள். பிறகு, "என்னைக்குண்ணே வெட்டினது?" என்றாள். அவளுக்கே தெரியும் என்றைக்கென்று.

"இளவெயினிட்ட சொல்லணும்ணே. பாவம், அந்தப் புள்ள."

"அரை மில்லி. எவன் பாக்கப் போறான்?" என்றேன்.

ஜூலை 26, புதன்

இளவெயினி பார்த்துவிட்டாள். பெட்டியில் அடைக்கும் இடத்தில் எடுத்து வரிசையாக விரித்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுத மாதிரி இல்லை. "எந்தச் சீட்டைத் தடுக்கவே முடியாதோ, அதையே காட்டிக் குடுக்குது. ஓலை கையில இருக்குன்னு தெரிஞ்சா எவன் யானையை இறக்குவான்? ஆட்டமே போச்சு" என்றாள்.

அண்ணாச்சி வேலைச் சீட்டை எடுத்தார். இருபதாம் தேதி, ஒன்பது கட்டு, தட்டியது பாக்கியத்தாய்.

"கோடு பாத்து வைக்கத் தெரியாதா? பதினோரு வருசம் எதுக்கு நிக்கிற? வாயைக் குறை, வேலையைப் பாருன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

பாக்கியம் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்குத் தான் அங்கே இல்லை என்று சொன்னால் சொல்லாமல் போனதற்கு வேலை போகும். அது மட்டும்தானா என்று எனக்குத் தெரியாது. ஒரு தடவை என் பக்கம் திரும்பினாள்.

எனக்கு அந்த நேரத்தில் இருமல் வந்துவிட்டது. தண்ணீர் குடிக்கப் போனேன்.

ஜூலை 27, வியாழன்

பாக்கியத்தைப் பசை ஒட்டும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அதுவும் திங்கள் வரைதான். ஒன்றாம் தேதியிலிருந்து வரவேண்டாம் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டாராம்.

எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 28, வெள்ளி

தட்டுவதற்குப் புது ஆள். நல்லவன். கட்டை வைத்துவிட்டுச் சும்மா நிற்கிறான். பேச மாட்டான். நான் முட்டக் கொடுத்துவிட்டு அவன் சொல்லட்டும் என்று நிற்கிறேன். நான் அமுக்கட்டும் என்று அவன் நிற்கிறான். இரண்டு பேரும் இப்படியே நின்றால் வேலை எப்படி ஓடும்? காலையிலிருந்து மத்தியானம் வரை மூன்றே கட்டு. வழக்கமாக இருபது ஓடும். காலண்டர் மட்டையில் ஒரு கட்டுக்குச் சாமி படத்தின் தலை வெட்டுப்பட்டுவிட்டது. யாருக்கும் தெரியாமல் கழிவில் தள்ளினேன்.

அசதி. உடம்பு அசதி இல்லை. மெஷின் முன்னால் நிற்கும்போது தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கிறது.

ஜூலை 31, திங்கள்

வேனில் போகாமல் பாக்கியம் வீட்டுக்குப் போனேன். பதினோரு வருடத்தில் இரண்டாவது தடவை, முதல் தடவை அவள் புருஷன் காரியத்துக்கு. அவள் தெரு முனையில் கோயிலைத் தாண்டித் திரும்பிய பிறகு மூன்றாவது வீடு. நான் நாலாவது வீட்டுக் கதவைத் தட்டிவிட்டேன். அந்த வீட்டு அம்மா கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டது. எல்லா வீடும் ஒரே நீலத்தில் அடித்தால் யாருக்குத்தான் தெரியும்.

காப்பி கொடுத்தாள். டம்ளரை என் கையிலேயே வைத்து, என் விரல் அதை மூடின பிறகுதான் விட்டாள்.

"எதுக்கு வந்தீக?"

வழியெல்லாம் பேச்சை அடுக்கிக்கொண்டு வந்தேன். அண்ணாச்சியிடம் சொல்லிப் பார்க்கலாம், ஆடி கழியட்டும், இளவெயினி ஊருக்குப் போனதும் சூடு ஆறிவிடும் என்று. எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"முடிஞ்சதா?"

"ம்."

"ஒங்க கண்ணு ரெண்டு வருசமா எனக்குத் தெரியும்ணே."

காப்பியில் சுக்கு போட்டிருந்தாள். நல்ல காப்பி என்று சொன்னேன்.

"காப்பியை விடுங்க. நான் சரின்னு சொல்லாம ரெண்டு வருசத்துல ஒரு கட்டு வெட்டிருக்கீகளா? அந்த ஒன்பதைத் தவிர? நான் ஏன் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்? ஒங்களைச் சொன்னா ஒங்களை அனுப்பிருவாக. ஒங்க இடத்துக்கு வர்றவன் அவன் ஆளைக் கூட்டிட்டு வருவான். நானும் அவுட்டு. அதுக்குத்தான் பொத்திக்கிட்டு இருந்தேன். இப்ப நான் மட்டும் அவுட்டு."

"முகாம்ல நான் தேறிருவேன். பலகை மனப்பாடம்" என்றேன்.

 அவள் சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு, உள்ளே படித்துக்கொண்டிருந்த மகள் எட்டிப் பார்த்தது. "ஒரு கண்ணைப் பொத்திக் கீழேருந்து மேல வாசின்னு டாக்டர் சொன்னா?"

நான் அதை யோசிக்கவில்லை.

சிரிப்பு நின்றதும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தேறினாலும் யாரு ஒங்களுக்குக் கோடு பாப்பா? கையைக் குடுத்துட்டு வருவீக. எத்தனை நாளைக்குண்ணே மறிச்சுக்கிட்டே இருப்பீக?"

எழுந்து வந்துவிட்டேன். பஸ் நெரிசல். நின்றுகொண்டே வந்தேன்.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

காலையில் மெஷினைப் போடவில்லை. நேரே அண்ணாச்சி அறைக்குப் போனேன். இளவெயினி அங்கே இருந்தாள், அந்த ஒரு தாளை மறுபடி அடிக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அடிப்பது ஒரு நாளில் முடியும், வெட்ட ஆள் இல்லை, எல்லா மெஷினும் ஆடிப்பெருக்குக்கு வெளியிடும் அடுத்த வருடக் காலண்டரில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்றார் அண்ணாச்சி.

"இருபதாந்தேதி மத்தியானத்துக்கு மேல பாக்கியம் இல்லை அண்ணாச்சி. நான்தான் அனுப்பினேன். பேரை எழுதினதும் நான்தான். ஒன்பது கட்டையும் திருப்பி வச்சது நான்."

"நீயா? ஏன்யா, கோடு தெரியலையா?"

"நாளன்னைக்கு முகாம். அதுக்கு அடுத்த நாள் எனக்குக் கடிதம் குடுப்பீக. அது வேண்டாம். இன்னைக்கே நான் மெஷினை விட்டு இறங்கிக்கிறேன். எழுதி வாங்கிக்கிடுங்க. என் பத்து விரலும் இருக்கும்போதே இறங்கிட்டா ஒங்களுக்கும் ஒரு கேள்வி இல்லை. ஆனா மெஷினைப் பாக்கியத்துட்ட குடுங்க."

அண்ணாச்சி நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "பொம்பளைட்ட கட்டிங் மெஷினா? எந்தப் பிரஸ்ஸிலய்யா நிக்கிறாக? ஒனக்குக் கண்ணுதான் போச்சுன்னு நினைச்சேன்."

"ரெண்டு வருசமா அதை ஓட்டுறது அவதான். நான் பொத்தானை மட்டும்தான் அமுக்கினேன்."

சொல்லிவிட்டேன். என் வாயிலிருந்து வந்ததை நானே அப்போதுதான் கேட்டேன்.

அண்ணாச்சி ஏதோ சொல்ல வாயெடுத்தார். இளவெயினி முந்திக்கொண்டாள். "மெலிஞ்ச கரையை முதல்ல கண்டுபிடிச்சது யாருண்ணா?"

"அவதான். வெறுங்கண்ணுல."

"அப்போ என் சீட்டை அவங்க வெட்டட்டும் சார். வேற யாரும் வெட்ட வேண்டாம்."

"கெட்டுப்போனா?"

"இதுக்கு மேல என்ன சார் கெடணும்?"

அண்ணாச்சி வெகுநேரம் பேனாவை உருட்டினார். கழிவுத் தாளில் ஒரு கட்டு வெட்டட்டும், அளந்து பார்த்துச் சொல்கிறேன் என்றார். ஒரு பேப்பரை என் முன்னால் தள்ளினார். பெரிய எழுத்தில் கையெழுத்துப் போட்டேன். பாதிப் பேர் கோட்டுக்கு வெளியே போய்விட்டது என்று சொல்லி, இன்னொரு பேப்பர் கொடுத்தார்.

ஆகஸ்ட் 2, புதன்

பசை ஒட்டும் பிரிவிலிருந்து பெண்கள் எல்லோரும் கையில் பசையோடு வந்து நின்றுவிட்டார்கள். அண்ணாச்சி போகச் சொன்னார். ஒருத்தியும் நகரவில்லை. மெஷினைச் சுற்றி மஞ்சள் கோடு போட்டிருக்கும், வேலை செய்கிறவர்களைத் தவிர வேறு யாரும் அதைத் தாண்டக் கூடாது. இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக நான் அதற்கு வெளியே நின்றேன். எங்கே நிற்க வேண்டும் என்றுகூடத் தெரியவில்லை, பசைப் பிரிவு மாரிக்கண்ணு என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

பாக்கியம் தானே தட்டினாள். தானே வைத்தாள். குனிந்து பார்த்தாள். நான் முட்டக் கொடுத்ததும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அமுக்குவேன். அவள் அப்படி எல்லாம் செய்யவில்லை. இரண்டு கையையும் பொத்தானுக்குக் கொண்டுபோனாள், நிறுத்தினாள், முந்தானையில் துடைத்துக்கொண்டாள், மறுபடி கொண்டுபோனாள்.

"அமுக்கும்மா, சாயங்காலம் ஆயிரும்" என்றார் அண்ணாச்சி.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க அண்ணாச்சி. கை என்னுது" என்றாள் பாக்கியம்.

கத்தி இறங்கிய சத்தம் எனக்குப் பழக்கமான சத்தம்தான். அது இன்னொருவர் கையில் இறங்கும்போது நெஞ்சில் கேட்கிறது.

நாலு பக்கமும் வெட்டினாள். அண்ணாச்சி மேலே ஒரு தாள், நடுவில் ஒரு தாள், அடியில் ஒரு தாள் உருவி அளவுகோலை வைத்தார். இளவெயினி அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். எல்லோரும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளையாக ஏதோ ஒன்று, அதைச் சுற்றி ஆட்கள் நிற்கிறது மட்டும் எனக்குத் தெரிந்தது. அண்ணாச்சி சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்பது தெரியவில்லை.

"மாரிக்கண்ணு, எனக்குத் தெரியலை. என்ன வந்திருக்குன்னு பாத்துச் சொல்லு" என்றேன்.

 அவள் கோட்டைத் தாண்டிப் போனாள். திரும்பி வந்து, சத்தமாகவே சொன்னாள்:

"மூணு தாளும் ஒரே அளவுண்ணே. ஒங்களை விட நல்லாவே வெட்டியிருக்கு."